யாருமில்லாத மீட்டிங்

நான் வாழ்க்கையில் இதுவரை கோட்டுப் போட்டதில்லை. ஆனால் வண்டலூர் தாண்டி எங்கள் கல்லூரி வாசலில் வைத்திருந்த பெரிய பிளெக்ஸில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். ஜிஎஸ்டி ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தாலே தெரியும். அதில் தலை மட்டும்தான் என்னுடையது. முதல் வருஷம் ஐடி கார்டுக்காக எடுத்த போட்டோ. படிய வாரிய தலை, நெற்றியில் அம்மா இட்டுவிட்ட விபூதி. கழுத்துக்குக் கீழே இருந்த உடம்பு யாருடையதென்று அந்த டிடிபி கடைக்காரரைத்தான் கேட்கவேண்டும். வேலை கிடைத்த பெண்கள் எல்லோருக்கும் அவர் அந்த ஒரே உடம்பை ஒட்டியிருந்தார்.

வேலை கிடைத்த அழகையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வருஷத்திலிருந்தே எங்களை வேலைக்கு லாயக்கான ஆட்களாக்குவதற்கென்று ஒரு பயிற்சி நடந்தது. வெளியிலிருந்து ஒருவர் வருவார். கை குலுக்கும்போது எவ்வளவு அழுத்தவேண்டும், நாற்காலியில் எவ்வளவு சாயவேண்டும் என்றெல்லாம் சொல்லித் தருவார். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டால் சொல்வதற்கு இங்கிலீஷில் ஒரு பத்தி கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார். அதனால் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே பலம், ஒரே பலவீனம். பலம், கடின உழைப்பு. பலவீனம், எடுத்த வேலையை முடிக்காமல் தூக்கம் வராது. கடைசி பெஞ்சில் குறட்டை விட்டுத் தூங்கியவனுக்கும் அதே பலவீனம்தான்.

பெரிய சாப்ட்வேர் கம்பெனி ஒன்று வந்தது. கம்ப்யூட்டரில் ஒரு தேர்வு வைத்தார்கள், தேறிவிட்டேன். அடுத்தது நேர்முகம். எனக்கோ இங்கிலீஷ் படித்தால் புரியும், எழுதச் சொன்னால் எழுதுவேன், பேசச் சொன்னால் மட்டும் நாக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும். மனப்பாடப் பத்தியை முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனேன். எதிரே இருந்தவருக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது போலிருக்கிறது. எந்த ஊருக்கு அனுப்பினாலும் போவாயா என்று மட்டும் கேட்டார். "எஸ் சார்" என்றேன். அவ்வளவுதான், வேலை கிடைத்துவிட்டது. வெளியே வந்து தோழிகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தேன்.

எங்கள் கல்லூரியில் ஒரு சட்டம் உண்டு: ஒருவருக்கு ஒரு வேலைதான். ஒரு கம்பெனி எடுத்துவிட்டால் அடுத்த கம்பெனி வரும்போது அந்தப் பக்கம் தலைகாட்டக்கூடாது, மற்றவர்களுக்கு வழிவிட வேண்டும். நியாயமான சட்டம்தான், எடுத்த கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டுவிட்டால். எனக்குப் பிறகு சின்னச் சின்னக் கம்பெனிகள் நிறைய வந்தன. நான் கேன்டீனில் சமோசா தின்றபடி உள்ளே போகிறவர்களுக்கெல்லாம் ஆல் த பெஸ்ட் சொல்லிக்கொண்டிருந்தேன். பீர்க்கன்கரணையில் எங்கள் தெருவில் அம்மா வீடு வீடாக ஏறி இறங்கி மைசூர்பாகு கொடுத்தாள். சும்மாவா, பெண் பிளெக்ஸில் வேறு வந்துவிட்டாளே.

படிப்பு முடிந்தது. கம்பெனி கூப்பிடவில்லை. கேட்டு மெயில் அனுப்பினால், சேரும் தேதி விரைவில் தெரிவிக்கப்படும் என்று பதில் வரும். மறுபடி கேட்டால் மறுபடி அதே பதில், கமா கூட மாறாமல். கோடை போனது, மழை வந்தது, ஏரி நிரம்பித் தெருமுனைவரை தண்ணீர் ஏறி இறங்கியது. அவர்களுடைய 'விரைவில்' மட்டும் வரவில்லை.

நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர்கள். ஒரு காலத்தில் ஏரித் தண்ணீரில் நெல் போட்ட குடும்பம். இப்போது வீடுகளை வாடகைக்கு விட்டிருந்தார்கள். அந்த வீட்டம்மாவைத் தெருவே அக்கா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். ஒருநாள் காலையில் வாசலில் கீரை வாங்கும்போது அக்கா சாதாரணமாகத்தான் அம்மாவிடம் கேட்டிருக்கிறார்.

"இன்னாமா, பாப்பா வூட்லயே கீது? வேலைக்கு எப்போ போவுது?"

கீரைக்காரம்மா கூடையோடு நிற்கிறாள். எதிர்வீட்டு ஆன்ட்டி கோலம் போடுவதை நிறுத்திவிட்டு நிமிர்கிறாள். எங்கள் அம்மா ரேஷன் கடையில் ஆள் தெரிந்திருந்தாலும் வரிசையைத் தாண்டிப் போகாதவள். அவள் வாயிலிருந்து வந்தது இது: "அவளுக்கு ஒர்க் ஃப்ரம் ஹோம்க்கா. திங்கக்கிழமைலேந்து ஆரம்பம்."

மேலே வந்து கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "வாயில வந்துடுச்சுடி. எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க, நான் என்ன பண்ணட்டும்?"

"போய் இல்லன்னு சொல்லிட்டு வா."

"தெரு முழுக்க ஸ்வீட் குடுத்துட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுடி போய்ச் சொல்லுவேன்?"

எனக்கு வந்த கோபத்துக்குக் கையில் இருந்த டம்ளரை எறிந்திருப்பேன். ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. அம்மா அழுதால் எனக்குச் சண்டை போட வராது. அந்த ஒரு பலவீனத்தைத்தான் நான் நேர்முகத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு எனக்கு ஆபீஸ் ஆரம்பித்தது. தெருப்பக்க ஜன்னலை ஒட்டி மேஜை போட்டு, லேப்டாப்பைத் திறந்து, பழைய ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பா கிண்டி ஆபீசுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே என்னை ஒருதரம் பார்த்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம். நான் பாட்டுக்கு வேலை விளம்பரங்களைத் தேடுவேன், அலுத்தால் படம் பார்ப்பேன், மதியம் சாப்பிட்டுவிட்டு மேஜையிலேயே தலை சாய்ப்பேன்.

சில நாளிலேயே அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எனக்குச் சம்பளம் போடுகிற மேனேஜர் மாதிரி வந்து நின்றாள்.

"ஏண்டி, சத்தமே வரலியே? கம்ப்யூட்டர் வேலை பாக்குறவங்க எல்லாம் போன்ல பேசிக்கிட்டே இருப்பாங்களாம். நீ ஊமையாட்டம் உக்காந்திருந்தா கீழ என்ன நினைப்பாங்க?"

"யார்கிட்டம்மா பேசறது?"

"எனக்கென்ன தெரியும்? உன்னத்தான படிக்க வெச்சேன்."

அப்படித்தான் என் மீட்டிங்குகள் ஆரம்பித்தன. முதலில் பழைய பாடப் புத்தகத்தைச் சத்தமாகப் படித்தேன். அது மீட்டிங் மாதிரி இல்லை, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருந்தது. அப்புறம் பயிற்சிக்காரர் கொடுத்த பத்தியைச் சொல்லிப் பார்த்தேன். ஒரே ஆளிடம் தினமும் எப்படி என்னை அறிமுகப்படுத்திக்கொள்வது? கடைசியில் வேறு வழியில்லாமல் ஒரு மேனேஜரை நானே உருவாக்கினேன். அந்த மனுஷனுக்கு எதிலும் திருப்தி கிடையாது. நான் எது செய்தாலும் குற்றம் சொல்லுவான், நேற்றே முடிக்கச் சொன்னேனே என்பான். முதலில் "சாரி சார், சாரி சார்" என்று திக்கினேன். பிறகு அவன் போட்ட போடு தாங்காமல் எனக்குக் கோபம் வர ஆரம்பித்தது. ஐயோ, கோபம் வந்தால் இங்கிலீஷ் எப்படி வருகிறது தெரியுமா! தப்பும் தவறுமாகத்தான், ஆனால் நிற்காமல் வந்தது. எதிரில் முறைக்கிறதற்கு ஆள் இல்லை, தப்பைத் திருத்துகிறதற்கு ஆள் இல்லை. பதினான்கு வருஷம் பள்ளியிலும் அதற்குமேல் கல்லூரியிலும் உட்கார்ந்து வராத பேச்சு, யாருமே இல்லாத மீட்டிங்கில் வந்தது.

பிறகு கஸ்டமர் ஒருத்தரைச் சேர்த்துக்கொண்டேன். அவர் கத்துவார், நான் சமாதானப்படுத்துவேன். மேனேஜர் அவர் முன்னால் என்னை விட்டுக்கொடுப்பான், நான் அவனைப் பிடி பிடியென்று பிடிப்பேன். சில நாள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டால்கூட, "இரும்மா, இந்தாளுக்கு ஒரு பதில் சொல்லிட்டு வரேன்" என்பேன். அம்மா கதவோரம் நின்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். வேலை இல்லாத வீட்டில் நாங்கள் அப்படியும் சிரித்தோம்.

தெருவும் மெல்ல மாறியது. கீரைக்காரம்மாவின் குரல் சாதாரணமாக ஏரிக்கு அக்கரையில் கேட்கும். எங்கள் வாசலுக்கு வந்ததும் மட்டும் ரகசியம் சொல்வது போல "கீரே..." என்பாள். கிரிக்கெட் ஆடுகிற பிள்ளைகள் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டார்கள். எதிர்வீட்டில் மிக்ஸி என் ஆபீஸ் நேரத்துக்கு முன்னாலேயே ஓடி முடிந்துவிடும். இது எல்லாமே அம்மாவின் அராஜகம் என்றுதான் நினைத்தேன். மீட்டிங்ல இருக்கா, மீட்டிங்ல இருக்கா என்று எல்லோரையும் அவள்தானே அடக்கிக்கொண்டிருந்தாள்.

லீவு எடுப்பதுதான் பெரிய பேஜார். எங்காவது நேர்முகத்துக்குப் போகவேண்டுமென்றால், இல்லாத வேலைக்கு லீவு போடவேண்டும். "இன்னிக்கு அவ லீவுக்கா, பிரெண்டு கல்யாணம்" என்று அம்மா முதல் நாளே கீழே சொல்லிவைப்பாள். அந்த வருஷம் என் தோழிகளுக்கு நடந்த கல்யாணம் மாதிரி யாருக்கும் நடந்திருக்காது. பொங்கலுக்கு என் கம்பெனியில் லீவு உண்டா என்று எதிர்வீட்டு ஆன்ட்டி கேட்டபோது நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேறு வேறு பதில் சொன்னோம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அன்றைக்கு எல்லோருக்கும் வேலை இல்லை.

ஒருநாள் காலையில் கரண்ட் போய்விட்டது. அப்பாடா என்று ஹெட்செட்டைக் கழற்றிக் கழுத்தில் போட்டேன். அதற்குள் கீழேயிருந்து அக்காவின் குரல்.

"பாப்பா, கரண்ட் போயிட்ச்சே, உன் மீட்டிங் இன்னா ஆவறது? பொட்டிய எட்த்துகினு கீழ வா கண்ணு. எங்க வூட்ல இன்வெட்டர் கீது."

வேண்டாம் என்று சொன்னால் கேட்பாரா? படியேறி வந்து என் லேப்டாப்பைத் தானே தூக்கிக்கொண்டார். பின்னாலேயே போனேன். கூடத்தில் பேன் சுற்றியது. என்னை மேஜையில் உட்காரவைத்துவிட்டு, பக்கத்திலேயே சோபாவில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்க ஆரம்பித்தார். ஜன்னலுக்குள்ளிருந்து பேசுவது வேறு, ஒரு ஆள் முன்னால் பேசுவது வேறு. வேறு வழியில்லை, ஹெட்செட்டை மாட்டினேன். "ஹலோ, ஆம் ஐ ஆடிபிள்?" என்று ஆரம்பித்து, மேனேஜரிடம் கரண்ட் போனதைச் சொல்லி, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, கஸ்டமரின் கோபத்தை ஆற்றி, நாளைக்குள் முடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்து, ஒரு மீட்டிங்கை முழுசாக நடத்தினேன். நடுவில் அக்கா மோர் கொண்டுவந்து வைத்தார். குனிந்து, "ஒயரு கால்ல மாட்டிக்கும் கண்ணு" என்று மெதுவாகச் சொல்லி, தரையில் கிடந்த ஒயரை எடுத்து மேஜைமேல் சுருட்டி வைத்துவிட்டுப் போனார். கரண்ட் வந்ததும் ஓட்டமாக மாடிக்கு வந்துவிட்டேன்.

நேர்முகங்களில் மட்டும் ஒன்றும் அமையவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்களின் வாசலில் வெயிலில் வரிசை நிற்கும். எங்களைப் பார்த்தால் உறவுக்காரர்கள் மாதிரி இருப்போம். அதே வெளுத்த பைல், அதே காய்ந்த உதடு. உள்ளே போனால் முதல் கேள்வி, "உங்களுக்கு கேப் இருக்கிறதே?" படிப்பு முடிந்து வேலை இல்லாமல் இருக்கும் காலத்துக்கு அவர்கள் வைத்த பெயர் கேப். அடப்பாவிகளா, அந்த கேப்பை நானா போட்டேன்? ராத்திரி டிவியில் டை கட்டிய ஒருவர், இன்றைய பட்டதாரிகள் வேலைக்கு லாயக்கில்லாதவர்கள் என்று வருத்தப்படுவார். அப்பா சட்டென்று சேனலை மாற்றுவார். மாற்றாவிட்டால் நான் டிவியோடு மீட்டிங் போட்டிருப்பேன்.

கல்லூரியில் வேலைவாய்ப்பைப் பார்த்துக்கொள்கிற சார் ஒருநாள் போன் செய்தார். நல்ல மனுஷர். "எப்படிம்மா இருக்கே? கம்பெனி ஐடி கார்டோட ஒரு போட்டோ அனுப்பேன். இந்த வருஷ பிளெக்ஸுக்குப் போட்டுக்கறோம்."

"சார், என்னை இன்னும் அவங்க கூப்பிடவே இல்ல சார்."

"அட்மிஷன் நேரம்மா. பிளெக்ஸ்ல ஆள் கொறஞ்சா என்னைத்தான் கேப்பாங்க" என்றார் சன்னமாக. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவருக்கு அந்த வேலை நிலைக்க என் தலை தேவையாயிருந்தது. பழைய போட்டோவையே போட்டுக்கொள்ளுங்கள் சார் என்றேன். கோட்டோடு இன்னொரு வருஷம் நின்றேன்.

அதற்குப் பிறகுதான் அந்த மெயில் வந்தது. வியாபாரச் சூழ்நிலை மாறிவிட்டதாம். எனக்குக் கொடுத்த வேலையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்களாம். என் எதிர்காலத்துக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். படித்தேன். எழுந்துபோய் சாமி விளக்கை ஏற்றினாள். மூன்றாவது தீக்குச்சியில்தான் பற்றியது. அதுவரை எங்கள் பொய்க்கு ஒரு முடிவு இருந்தது. கம்பெனி கூப்பிட்டதும் அது தானாக உண்மையாகிவிடும் என்று இருந்தோம். இனி எனக்கு ஒரு வேலை கிடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அம்மா தெருவில் தலைநிமிர்ந்து கீரை வாங்க முடியாது. மறுநாள் ஒன்பது மணிக்கு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மேனேஜரிடம், "சார், ஐ ஆம் நாட் ஃபீலிங் வெல்" என்று மட்டும் சொன்னேன்.

பல்லாவரத்தில் ஒரு சின்ன ஆபீஸில் ஆள் வேண்டும் என்று விளம்பரம் பார்த்தேன். விமானத்தில் அனுப்புகிற சரக்குகளுக்கு ஏற்பாடு செய்கிறவர்கள். சரக்கு தாமதமானால் கஸ்டமர்கள் போனில் கூப்பிட்டுக் கத்துவார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். அம்மா இன்னொரு தோழிக்குக் கல்யாணம் செய்துவைத்தாள். பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறிப் போனேன். வெள்ளிக்கிழமைச் சந்தைக் கூட்டத்தில் பழைய பேன், நாய்க்குட்டி, செடித்தொட்டி எல்லாவற்றுக்கும் நடுவே புகுந்து, துப்பட்டாவை ஒரு பழைய சைக்கிள் ஹாண்டில்பாரிலிருந்து பிடுங்கிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்கப் போய்ச் சேர்ந்தேன்.

அந்த ஆபீஸை நடத்துகிற மேடமே பேசினார். மேஜையில் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். மனப்பாடப் பத்தியை ஆரம்பித்தேன். "அதெல்லாம் வேணாம்மா. காலையிலேர்ந்து எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. படிப்பு முடிஞ்சு இத்தனை நாள் என்ன பண்ணே?"

அலுத்துவிட்டது எனக்கு. இனிமேல் யாரிடம் எதை மறைப்பது? சொல்லிவிட்டேன். பிளெக்ஸ், மைசூர்பாகு, அம்மா வாயில் வந்த வார்த்தை, ஜன்னலோர மேஜை, திருப்தியே இல்லாத மேனேஜர், எல்லாவற்றையும். சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன், முழுக்க இங்கிலீஷில் சொல்லியிருந்தேன்.

மேடம் பேனாவை மூடி வைத்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அந்த கஸ்டமர் எப்பவும் கத்துவாரா?"

"எப்பவும் மேடம்."

"எனக்கும் அப்படி ஒருத்தர் இருக்கார். இப்ப அடிக்கறதும் அவர்தான்" என்று போனை என் பக்கம் நகர்த்தினார். "அவர் சரக்கு இன்னிக்குக் காலையில போயிருக்கணும். சாயங்காலம்தான் போகும். சொல்லு."

போனை எடுத்தேன். எதிர்முனையில் ஒரு ஆள் இங்கிலீஷில் நெருப்பாய்க் கொட்டினார். ஆச்சரியமாக இருந்தது, என் மீட்டிங் கஸ்டமரே தேவலாம் போலிருந்தது. அவர் மூச்சு வாங்குகிற இடத்தில் பேச ஆரம்பித்தேன். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டேன், சாயங்காலம் நானே கூப்பிட்டுச் சொல்வதாகச் சொன்னேன். கடைசியில் அவர் "ஓகே, ஓகே" என்று வைத்தார். என்னுடைய அத்தனை மீட்டிங்கிலும் எதிர்முனையிலிருந்து யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"அப்ப சாயங்காலம் வரைக்கும் நீ இங்கதான் இருக்கணும். வாக்குக் குடுத்துட்டியே" என்றார் மேடம். அன்றைக்கே வேலையில் சேர்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, பல்லாவரம்தானே, ரயிலில் சேர்ந்தே போகலாம் என்றார். எல்லாம் ஓய்ந்த பிறகு அம்மாவுக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது.

"தெருவுல என்னடி சொல்றது? பெரிய கம்பெனில வீட்லேந்து வேலை பாக்குறான்னு சொல்லிட்டோம். இப்ப டப்பா கட்டிக்கிட்டு பல்லாவரம் போறியே?"

வாசலில் அக்கா நின்றிருந்தார். மொட்டைமாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு இறங்கியவர், எங்கள் வீட்டு அழுகைச் சத்தம் கேட்டு நின்றிருக்கிறார்.

"ஒண்ணும் சொல்ல வாணாம்மா" என்றார். "எல்லாருக்கும் தெரியும்."

அக்கா துணிமூட்டையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"அந்த பிளெக்ஸ்ல பாப்பாவுக்குப் பின்னாடி கோட்டு போட்டுகினு ஒரு பையன் நின்னான் பாரு, அவன் எந்தம்பி மவன். அதே கம்பெனிதான், அவனையும் கூப்டலியே. சரி, பாப்பாவ மட்டும் கூப்ட்டாங்களோன்னு பாத்தேன். அன்னிக்குக் கரண்ட் போச்சே, எங்க வூட்ல ஒக்காந்து பேசுச்சே, காதுல மாட்டிகினு இருந்துச்சே, அந்த ஒயரு தரையில கெடக்குது. பொட்டில சொருவவே இல்ல. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"ஏங்க்கா ஒண்ணுமே சொல்லல?" என்றேன்.

"இன்னான்னு சொல்றது? மொதல்ல நீ திக்கித் திக்கிப் பேசுவே. கீழ எனக்கு நல்லாக் கேக்கும். அப்பால நாளுக்கு நாள் தண்ணி மாரி வர ஆரம்பிச்சிட்ச்சு. கீரைக்காரிகூட சொன்னா, பொண்ணு இன்னாமா பேசுதுன்னு. நடுவுல சத்தம் போட்டா கெட்டுடப் போவுதுன்னு பசங்கள அந்தத் தெருவுக்குப் போவ சொன்னேன். அவ்ளோதான்."

அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிடுங்கக்கா" என்று என்னமோ சொல்லப் போனாள். அக்கா, "அட சும்மா இரும்மா, புள்ள வேலைக்குப் போற நேரத்துல" என்று அதட்டிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

திங்கட்கிழமை சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அப்பாவோடு கிளம்பினேன். கோட்டெல்லாம் இல்லை, இஸ்திரி போட்ட நீலச் சுடிதார்தான். எங்கள் வாசலில் கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றிருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கெளம்பிட்டியா கண்ணு?" என்றாள், அதே ரகசியக் குரலில்.

"கெளம்பிட்டேம்மா."

நாங்கள் தெருமுனைக்குப் போய்ச் சேர்கிறவரை அவள் காத்திருந்திருக்க வேண்டும். பிறகு எங்கள் ஜன்னலுக்குக் கீழே நின்று, ஏரியின் அக்கரைவரை கேட்கிற மாதிரி, அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தாள். "அரக்கீரே... மொளக்கீரே... சிறுகீரேய்..." இத்தனை மாதமாக எனக்காக அடக்கி வைத்திருந்த குரல். ரயிலுக்கு நேரமாகிறது என்றார் அப்பா. நான் தெருமுனையிலேயே நின்று, யார் பார்த்தால் என்ன என்று அழுதேன்.